மூட மறுக்கும் தரவுத்தளம்

தென் தில்லியில் உள்ள சரோஜினி நகர், நாடு விடுதலை பெற்ற பின்னர் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்புகளுள் ஒன்றாகும். முன்னர் வினய் நகர் என வழங்கப்பட்ட அப்பகுதி, பின்னாளில் சரோஜினி நாயுடுவின் பெயரைப் பெற்றது. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை தில்லியிலுள்ள ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்டுவதற்கு ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமதுபூர் என்பவை அவை. 12,970 பழைய வீடுகளின் இடத்தில் ஏறத்தாழ 25,667 புதிய வீடுகளைக் கட்டுவது அப்போதைய திட்டமாக இருந்தது.

இத்தகைய திட்டம் நடைபெறும்போது முதலில் நிகழ்வது குடும்பங்களின் இடப்பெயர்ச்சி. ஒரு வீடு இடிக்கப்படும்போது அதன் முகவரியும் மறைகிறது. அவ்வீட்டில் இருபது ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம் எங்குச் சென்றது, சங்கத்தில் அது செலுத்திய வைப்புத் தொகை எவ்வளவு, திருப்பித் தர வேண்டியது எவ்வளவு என்பனவற்றை அறிய ஒரு பட்டியல் மட்டுமே எஞ்சுகிறது. நாடெங்கும் சிறு சங்கங்களும் நூலகங்களும் அலுவலகப் பிரிவுகளும் இத்தகைய பட்டியல்களைப் பெரும்பாலும் ஒரு மேசைக் கணிப்பொறியில், ஒரே கோப்பில் வைத்திருக்கின்றன. அக்கோப்பை ஆளும் நிரல் சில வேளைகளில் மூட மறுக்கிறது. அந்நேரத்தில் அதன் முன் அமர்ந்திருப்பவர் செய்வதைப் பொறுத்தே பட்டியல் பிழைப்பதும் பழுதுபடுவதும் அமைகின்றன. இதன் காரணங்களையும் தீர்க்கும் முறையையும் அறிவது மாணவருக்கும் அலுவலருக்கும் பயன்தரும்.

ஓர் எடுத்துக்காட்டு

சரோஜினி நகர் போன்ற ஒரு குடியிருப்பில் ஒரு குடியிருப்போர் சங்கம் 600 குடும்பங்களின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கோப்பு ஒன்றில் வைத்திருப்பதாகக் கொள்வோம். மாலை ஆறு மணி. எழுத்தர் கடைசிக் குடும்பத்தின் விவரத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். வீடு காலி செய்த நாள் தெரியும். புதிய முகவரி இன்னும் வரவில்லை. நாளை எழுதலாம் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டுச் சாளரத்தை மூடும் குறியை அழுத்துகிறார். சாளரம் மறையவில்லை. மீண்டும் அழுத்துகிறார், பயனில்லை. அலுவலகத்தைப் பூட்டும் நேரமாகிவிட்டது. அவர் மின் விசையை அணைத்துவிட்டுச் செல்கிறார்.

மறுநாள் கோப்பைத் திறக்கும்போது அது பழுதடைந்துள்ளதாகவும், சீரமைக்க வேண்டுமென்றும் திரை அறிவிக்கிறது. சீரமைத்த பின் கோப்பு திறக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றுகிறது. எனினும் பட்டியலில் இப்போது 597 குடும்பங்களே உள்ளன. எண்ணிப் பார்க்கும் பழக்கம் இல்லாவிடில் மூன்று குடும்பங்கள் விடுபட்டது எவருக்கும் தெரியாது. அம்மூவருள் ஒருவர் தம் வைப்புத் தொகையைக் கேட்டு வரும் நாளில்தான் அது தெரியவரும்.

இந்த எடுத்துக்காட்டில் நேர்ந்த தவறு எது என்பதை அறிய, மூடுதல் என்னும் செயலின் உட்பொருளை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

மூடுதல் என்பது யாது?

கருவூலத்திலும் அலுவலகத்திலும் ரொக்கப் பதிவேட்டை நாள்தோறும் முடிக்கும் வழக்கத்தை அனைவரும் அறிவர். பதிவேட்டை மூடிவைப்பதால் மட்டும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. வரவையும் செலவையும் கூட்டி, கையிருப்பை எண்ணி, பொறுப்பாளர் கையொப்பம் இட்ட பின்னரே கணக்கு முடிந்ததாகும். தரவுத்தளம் ஒன்றை மூடுவதும் அத்தகையதே.

கணிப்பொறியில் எழுதப்படும் விவரம் உடனுக்குடன் வட்டிற் சென்று சேர்வதில்லை. நினைவகத்தின் வேகம் மிகுதி. வட்டின் வேகம் குறைவு. ஆகவே நிரல் பல மாற்றங்களை நினைவகத்தில் சிறிது நேரம் தேக்கி வைத்துப் பின்னர் வட்டில் எழுதுகிறது. மூடுமாறு கட்டளை பெற்றதும் அது நான்கு பணிகளைச் செய்ய வேண்டியுள்ளது. எழுதி முடிக்காத பதிவுகளை வட்டில் எழுதுதல் முதற்பணி. பதிவுகளுக்கும் அவற்றைத் தேட உதவும் சுட்டு அட்டவணைகளுக்கும் பொருத்தம் ஏற்படுத்துதல் இரண்டாவது. பிறர் குறுக்கிடாதவாறு தான் இட்டிருந்த பூட்டுகளை விடுவித்தல் மூன்றாவது. தான் பெற்றிருந்த நினைவக இடத்தை இயங்குதளத்திடம் திருப்பித் தருதல் நான்காவது. இவற்றுள் ஏதேனும் ஒன்று நிறைவேறாவிடில் நிரல் மூடாது. மூட மறுக்கும் நிரல், தீர்க்கப்படாத ஏதோ ஒரு கடமை இருப்பதை அறிவிக்கிறது எனலாம். அக்கடமை எது என்று கண்டறிவதே பழுது நீக்குபவரின் பணி.

முந்தைய அனுபவங்கள்

இப்பிரச்சினை மேசைக் கணிப்பொறியுடன் பிறந்தது. அட்டவணைகளின் வடிவில் விவரங்களை அமைக்கும் உறவுமுறைக் கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். அக்கோட்பாட்டின் எளிய சாயலை மேசைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்த நிரல்களுள் 1980-களில் பெரும்புகழ் பெற்றது டிபேஸ். அதன் கோப்பின் தலைப்பகுதியில், மொத்தம் எத்தனை பதிவுகள் உள்ளன என்ற எண் எழுதப்பட்டிருக்கும். கோப்பை முறையாக மூடும்போது அவ்வெண் திருத்தப்படும். புதிய பதிவுகளைச் சேர்த்த பின் முறையாக வெளியேறாமல் மின்சாரத்தை நிறுத்தினால், பதிவுகள் வட்டில் இருந்தும் தலைப்பிலுள்ள எண் பழையதாகவே நின்றுவிடும். நிரல் அந்த எண்ணையே நம்பும். அதற்கு மேற்பட்ட பதிவுகள் இல்லையெனவே கொள்ளும். இக்காரணத்தால், 'குவிட்' என்னும் கட்டளையை இட்டு வெளியேறிய பின்னரே கணிப்பொறியை அணைக்க வேண்டும் என்பது அக்காலப் பயிற்சி வகுப்புகளின் முதற்பாடமாக இருந்தது.

இந்திய நூலகங்களின் அனுபவமும் இங்கு நினைக்கத்தக்கது. நூற்பட்டியல்களுக்காக யுனெஸ்கோ நிறுவனம் உருவாக்கிய சி.டி.எஸ்.-ஐசிஸ் என்னும் நிரலின் மேசைக் கணிப்பொறிப் பதிப்பு 1985-இல் வெளிவந்தது. அறிவியல் தொழில்நுட்பத்திற்கான தேசியத் தகவல் முறையமைப்பாகிய நிசாட், அதனை இந்திய நூலகங்களுக்கு வழங்கியது. தில்லியில் 1988-இல் தொடங்கப்பெற்று 1992-இல் சங்கமாகப் பதிவான டெல்நெட் நூலக வலையமைப்பின் தொடக்க காலப் பணிகளிலும் இந்நிரல் இடம்பெற்றது. ஐசிஸ் கோப்பின் கட்டுப்பாட்டுப் பதிவில் இருவகைப் பூட்டுக் குறிகள் உண்டு. விவரம் உள்ளிடுவோர் இருப்பதைக் காட்டுவது ஒன்று. ஒருவர் மட்டுமே எழுதத் தனியுரிமை பெற்றிருப்பதைக் காட்டுவது மற்றொன்று. பணியாளர் முறையாக வெளியேறினால் அவரது குறி நீங்கும். மின்தடையால் நிரல் அறுந்தால் குறி அப்படியே நிற்கும். அவ்வாறு நின்றுவிட்ட குறியை நீக்குவதற்கென்றே தனி வசதி ஒன்று நிரலில் அமைக்கப்பட்டிருந்தது. பூட்டு இருப்பது கொண்டு உள்ளே ஆள் இருப்பதாக முடிவு கட்டுதல் ஆகாது என்ற பாடத்தை அந்நூலகர்கள் அன்றே கற்றனர்.

பூட்டுக் கோப்பும் அதன் பொருளும்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் 1992 நவம்பரில் வெளிவந்தது. அதன் கோப்பு ஒன்றைத் திறந்தவுடன், அதே பெயருடைய சிறு கோப்பு ஒன்று அருகில் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். பழைய பதிப்புகளில் அதன் பின்னொட்டு எல்.டி.பி.; 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த புதிய கோப்பு வடிவத்திற்கு எல்.ஏ.சி.சி.டி.பி. என்பது பின்னொட்டு. இதுவே பூட்டுக் கோப்பு. தரவுத்தளத்தைத் திறந்த ஒவ்வொரு கணிப்பொறியின் பெயரும் பயனரின் பெயரும் இதில் எழுதப்படுகின்றன. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 255 பேர் வரை ஒரு கோப்பைத் திறக்க இயலும். கடைசிப் பயனர் வெளியேறும்போது பூட்டுக் கோப்பு தானாகவே அழிக்கப்படும்.

இதில் மூன்று நுட்பங்களைக் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவதாக, ஒருவர் வெளியேறியதும் அவர் பெயர் பூட்டுக் கோப்பிலிருந்து நீங்கிவிடுவதில்லை. எனவே கோப்பில் ஒரு பெயர் இருப்பது, அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்பதற்குச் சான்றாகாது. இரண்டாவதாக, கோப்புறையில் அழிக்கும் உரிமை இல்லாத பயனர் கடைசியாக வெளியேறினால் பூட்டுக் கோப்பு அழியாமல் நிற்கும். அது பழுதின் அறிகுறி அன்று. மூன்றாவதாக, எல்லோரும் வெளியேறிய பின்னும் கோப்பு நின்று, அதை அழிக்க முயலும்போது வேறொரு நிரல் அதைப் பயன்படுத்துவதாக இயங்குதளம் மறுக்குமாயின், எங்கோ ஒரு கணிப்பொறியில் ஆக்சஸ் கண்ணுக்குத் தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பது பொருள்.

இதனினும் முக்கியமான குறி தரவுத்தளக் கோப்பின் உள்ளேயே உள்ளது. அதன் தொடக்கப் பகுதியில், எந்தப் பயனரேனும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அறுந்து போனாரா என்பதைக் காட்டும் குறிகள் வைக்கப்படுகின்றன. மறுநாள் திறக்கும்போது கோப்பு சீரமைக்கப்பட வேண்டும் என்று திரை அறிவிப்பது இக்குறியைக் கண்டே ஆகும்.

மூடாமைக்கான காரணங்கள்

அலுவலகங்களில் காணப்படும் காரணங்களைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. நிறைவு பெறாத பதிவு. படிவத்தில் ஒரு புலம் கட்டாயமாக நிரப்பப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்து, அது வெறுமையாக இருக்குமாயின், நிரல் அப்பதிவை ஏற்காது. படிவத்தை மூடவும் தயங்கும். இதற்கான எச்சரிக்கைப் பெட்டி சில வேளைகளில் வேறு சாளரத்தின் பின்னே மறைந்திருக்கும். விடை கிடைக்கும்வரை நிரல் காத்திருக்கும். பார்ப்பவருக்கோ அது உறைந்து விட்டதாகத் தோன்றும். இதற்கு மாறான ஆபத்தும் உண்டு. நிரல்வழிக் கட்டளையால் படிவத்தை மூடும்போது, ஏற்கப்படாத பதிவு எவ்வித அறிவிப்புமின்றிக் கைவிடப்படலாம்.

2. விடுவிக்கப்படாத பொருள்கள். ஆக்சஸில் எழுதப்படும் நிரல்கள் அட்டவணைகளைத் திறந்து பதிவுத் தொகுப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. திறந்தவற்றை மூடுமாறு நிரலாளர் எழுத மறந்தால், அவை பிடிவிடாமல் நிற்கும். 1997-ஆம் ஆண்டுப் பதிப்பில் இது பெருந்தொல்லையாக விளங்கியது. சாளரம் மறைவதற்குப் பதிலாகத் திரையின் அடிப்பட்டையில் சுருங்கி நின்றுவிடும். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு மூடல் எழுதப்பட வேண்டும் என்பது நிரலாளர் கைக்கொள்ள வேண்டிய விதி.

3. பிற நிரல்களின் பிடி. வேர்ட் அல்லது எக்செல் நிரலிலிருந்து ஆக்சஸை இயக்கி அறிக்கை தயாரிக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. வேலை முடிந்ததும் அழைத்த நிரல் தன் பிடியை விடவில்லையெனில், ஆக்சஸின் சாளரம் மறைந்த பின்னும் அதன் இயக்கம் நினைவகத்தில் தொடரும்.

4. மூடும்போது சுருக்குதல். நீக்கப்பட்ட பதிவுகளின் இடம் தானாகத் திரும்பக் கிடைப்பதில்லை. கோப்பு பருத்துக்கொண்டே செல்லும். இதைக் குறைக்க, மூடும்போதெல்லாம் கோப்பைச் சுருக்குமாறு அமைக்க இயலும். அப்போது நிரல் கோப்பின் முழுமையான புதிய நகல் ஒன்றை எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. கோப்பு பெரிதாயின் இது சில நிமிடங்களைக் கொள்ளும். நிரல் உறைந்ததெனக் கருதி இடையில் நிறுத்துவது, மாற்றிக் கட்டும் வேளையில் வீட்டின் தூணைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

5. பிணையத்தின் தடை. கோப்பு வேறொரு கணிப்பொறியில் இருந்து, இணைப்பு இடையில் அறுந்தால், நிரல் இறுதிப் பதிவை எழுத வழியின்றிக் காத்திருக்கும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் கோப்பை ஆராய்ந்துகொண்டிருப்பதும் இவ்வாறே தாமதம் விளைவிக்கும்.

6. கோப்பின் பழுது. முன்னரே சிதைந்த படிவமோ நிரற்பகுதியோ இருப்பின், அதைச் சேமிக்க முயலும்போது நிரல் நின்றுவிடும். குறிப்பிட்ட ஒரு படிவத்தைத் திறந்த நாள்களில் மட்டும் தொல்லை தோன்றுமாயின் இக்காரணத்தை ஐயுறலாம்.

கண்டறியும் முறை

காரணம் எதுவாயினும், கீழ்க்காணும் ஒழுங்கில் செயற்படுவது பாதுகாப்பானது. ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குச் செல்லுதல் கூடாது.

முதலில் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வட்டு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்வரை நிரல் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஆக்சஸ் வட்டையும் செயலியையும் பயன்படுத்துகிறதா என்று பார்க்கலாம். அளவு மாறிக்கொண்டே இருந்தால் அது உழைக்கிறது. தொடர்ந்து சுழியமாகவே இருந்தால் விடை ஒன்றுக்காகக் காத்திருக்கிறது.

அடுத்து, மற்றச் சாளரங்களைச் சுருக்கிவிட்டு, மறைந்துள்ள எச்சரிக்கைப் பெட்டி ஏதேனும் உண்டா என்று தேட வேண்டும். ஆல்ட் விசையையும் டேப் விசையையும் சேர்த்து அழுத்தித் திறந்துள்ள சாளரங்களைப் பார்வையிடலாம். நிறைவு பெறாத பதிவு இருப்பின், எஸ்கேப் விசையை இருமுறை அழுத்தினால் அப்பதிவில் செய்த மாற்றம் கைவிடப்படும். அதற்கு முன் திரையிலுள்ள விவரத்தைத் தாளில் குறித்துக்கொள்வது நன்று.

மூன்றாவதாக, அதே கோப்பைத் திறந்துள்ள மற்றவர்களை வெளியேறச் சொல்ல வேண்டும். பூட்டுக் கோப்பிலுள்ள பெயர்கள் எந்தெந்தக் கணிப்பொறிகளைப் பார்க்க வேண்டும் என்பதை அறிய உதவும்.

இவை யாவும் பயன்தராதபோதே டாஸ்க் மேனேஜர் வழியாக நிரலை நிறுத்தலாம். இது கட்டாய நிறுத்தமேயாயினும் மின் விசையை அணைப்பதினும் மேலானது. இயங்குதளம் தன்னிடம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட எழுத்துகளை வட்டில் சேர்க்க இதில் வாய்ப்பு உண்டு.

நிறுத்திய பின் செய்ய வேண்டியவை இன்னும் முக்கியமானவை. ஆக்சஸ் எந்தக் கணிப்பொறியிலும் இயங்கவில்லை என்பதை உறுதிசெய்து, முதல் வேலையாகத் தரவுத்தளக் கோப்பின் நகல் ஒன்றை வேறிடத்தில் எடுத்துவைக்க வேண்டும். சீரமைப்பு அக்கோப்பையே மாற்றிவிடும். நகல் இல்லையெனில் திரும்பிச் செல்ல வழியில்லை. எவரும் உள்ளே இல்லாத நிலையில் எஞ்சியுள்ள பூட்டுக் கோப்பை அழிக்கலாம். பின்னர் நகலைத் திறந்து, 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' என்னும் வசதியால் சீரமைத்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிச் சரிபார்த்தல்

சீரமைப்பு முடிந்தவுடன் பணி முடிந்ததெனக் கருதுவது பெரும்பிழை. ஆக்சஸ் தன் கோப்பைப் பக்கங்களாகப் பிரித்து வைக்கிறது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஒரு பக்கம் 4,096 பைட்டுகள் கொண்டது. ஒரே பக்கத்தில் பல பதிவுகள் இருக்கும். பக்கம் ஒன்று சிதைந்தால் அன்று தொடாத பதிவுகளும் அதனோடு போகலாம். சீரமைப்பு நிரல் படிக்க இயன்றதைக் காப்பாற்றும், இயலாததை விட்டுவிடும். நேர்ந்த பிழைகளைத் தனி அட்டவணை ஒன்றில் அது எழுதிவைப்பதுண்டு. அதைத் திறந்து பார்ப்போர் சிலரே.

முன்னர்க் கூறிய எடுத்துக்காட்டில் 600 குடும்பங்கள் 597 ஆனதற்கு விளக்கம் இதுவே. எழுதி முடிக்காத ஒரு பதிவு நினைவகத்தோடு மறைந்தது. சிதைந்த பக்கத்திலிருந்த வேறு இரண்டு பதிவுகள் சீரமைப்பில் கைவிடப்பட்டன. அந்த மாலையில் எழுத்தர் மற்றச் சாளரங்களைச் சுருக்கிப் பார்த்திருந்தால், புதிய முகவரி கட்டாயம் வேண்டும் என்று கேட்ட எச்சரிக்கைப் பெட்டியைக் கண்டிருப்பார். உண்மையில் பிழை படிவத்தை வடிவமைத்தவருடையது. வீட்டை விட்டுச் செல்லும் குடும்பத்திற்குப் புதிய முகவரி உடனே அமைந்துவிடும் என்று அவர் எண்ணிவிட்டார். வாழ்க்கைக்குப் பொருந்தாத விதி ஒன்றைப் படிவத்தில் வைத்தால், அது ஒருநாள் மூடாத சாளரமாக வந்து நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு நாளும் பணி முடிவில் பதிவுகளின் மொத்த எண்ணிக்கையையும் தொகைப் புலங்களின் கூட்டுத்தொகையையும் ஒரு தாட்பதிவேட்டில் குறித்து வைப்பது நன்று. இரண்டு நிமிட வேலை அது. பழுது நேரும்போது இழப்பு உண்டா இல்லையா என்பதை அறிய அதனினும் எளிய வழி வேறில்லை.

பிற நிரல்களின் நியதிகள்

ஆக்சஸுக்குப் பொருந்தும் விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என எண்ணலாகாது. திறந்தமூல மென்பொருள்களை ஊக்குவிக்கும் கொள்கையை இந்திய அரசு 2015-இல் வெளியிட்டது. அவ்வகை மென்பொருளாகிய லிப்ரே ஆபீஸ் பேஸ், தன் உள்ளமைந்த தரவுத்தளத்தைச் சுருக்கிக் கட்டிய ஒரே பொதியாக வைக்கிறது. எச்.எஸ்.க்யூ.எல்.டி.பி. என்னும் பொறியைப் பயன்படுத்தும்போது, மாற்றங்கள் தற்காலிக இடத்தில் இருந்து, சேமிக்கும்போதோ மூடும்போதோ அப்பொதியில் சேர்க்கப்படுகின்றன. மூடும் வேளையில் நிரல் அறுந்தால் அன்றைய பணி முழுவதும் போகக்கூடும். இடையிடையே சேமிப்பதும், விவரம் பெருகும்போது தனிச் சேவையக நிரலுடன் இணைப்பதும் இதற்குத் தீர்வாகும்.

ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்.க்யூ.லைட், இன்று கைப்பேசிகளிலும் பல மேசை நிரல்களிலும் உள்ளே மறைந்து பணியாற்றுகிறது. அதன் கோப்பருகே ஜர்னல் அல்லது டபிள்யூ.ஏ.எல். என்று முடியும் துணைக்கோப்பு தோன்றும். பார்வைக்கு ஆக்சஸின் பூட்டுக் கோப்பை ஒத்ததாயினும் அதன் தன்மை முற்றிலும் வேறு. ஜர்னல் கோப்பில் பாதியில் நின்ற மாற்றத்தைத் திரும்பப் பெறுவதற்கான பழைய விவரமும், டபிள்யூ.ஏ.எல். கோப்பில் முதன்மைக் கோப்பிற்கு இன்னும் போய்ச் சேராத புதிய விவரமும் இருக்கும். அடுத்த முறை திறக்கும்போது நிரல் அதைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதைக் குப்பையென்று அழித்தால் விவரம் இழப்பாகும். நகல் எடுக்கும்போதும் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆளில்லாத ஆக்சஸ் பூட்டுக் கோப்பை அழிக்கலாம்; எஸ்.க்யூ.லைட் துணைக்கோப்பை ஒருபோதும் அழிக்கலாகாது. இவ்வேறுபாட்டை ஒவ்வோர் அலுவலரும் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

வருமுன் காத்தல்

தொல்லை வந்த பின் தீர்ப்பதினும் வராமற் செய்தல் மேலானது. அதற்குச் சில ஏற்பாடுகள் போதும்.

தரவுத்தளத்தை இரண்டாகப் பிரித்தல் முதன்மையானது. அட்டவணைகள் மட்டும் ஒரு கோப்பில் பொது இடத்தில் இருக்க, படிவங்களும் அறிக்கைகளும் நிரல்களும் ஒவ்வொருவர் கணிப்பொறியிலும் தனிக்கோப்பில் இருக்க வேண்டும். ஒருவர் சாளரம் உறைந்தாலும் பொது அட்டவணைகளுக்கு நேரும் தீங்கு பெரிதும் குறையும். பொதுக் கோப்பில் மூடும்போது சுருக்கும் ஏற்பாட்டை நீக்கிவிட்டு, காப்பு நகல் எடுத்தபின், எவரும் பணியில் இல்லாத நேரத்தில் பொறுப்பாளரே சுருக்க வேண்டும்.

தடையில்லா மின்வழங்கு கருவியாகிய யூ.பி.எஸ். சிறு அலுவலகத்திற்கும் இன்றியமையாதது. அது தரும் சில நிமிடங்கள் தொடர்ந்து எழுதுவதற்கல்ல, முறையாக மூடுவதற்கே என்பதைப் பணியாளர் உணர வேண்டும். நாள்தோறும் ஒரு காப்பு நகலும், வாரம் ஒருமுறை வேறு கட்டடத்தில் வைக்கப்படும் ஒரு நகலும் தேவை. நகலை எப்போதேனும் திறந்து பார்த்தல் வேண்டும். திறவாத நகல் இருந்தும் பயனில்லை.

கட்டாயப் புலங்களை விதிக்கும்போது, அவ்விவரம் பதிவு செய்யும் நாளில் உண்மையிலேயே கிடைக்குமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தெரியவில்லை என்று குறிக்கவும் ஓர் இடம் தர வேண்டும். ஆக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிகாபைட். அந்த எல்லையை நெருங்கும் முன்னரே, அல்லது பயனர் எண்ணிக்கை பெருகியவுடன், சேவையகத் தரவுத்தளத்திற்கு மாறிவிடுவது அறிவுடைமை. அத்தகைய அமைப்புகளில் ஒரு மாற்றம் முழுமையாக நிறைவேறும், அல்லது முற்றிலும் நிகழாததாகவே கொள்ளப்படும். ஜிம் கிரே முதலிய அறிஞர்கள் வகுத்த இந்நெறியே இன்று வங்கிக் கணக்குகளைக் காத்து நிற்கிறது.

பொறுப்பு எவருடையது?

தேசிய தகவலியல் மையம் 1976-இல் நிறுவப்பட்ட நாள்தொட்டு அரசின் விவரங்கள் படிப்படியாகக் கணிப்பொறிக்கு மாறிவந்துள்ளன. பெரிய அமைப்புகளுக்கு வல்லுநர்களும் சேவையகங்களும் உண்டு. சங்கத்தின் மேசையிலும் கிளை அலுவலகத்தின் மூலையிலும் உள்ள ஒற்றைக் கோப்புக்கு அதன்முன் அமர்ந்திருக்கும் பணியாளரே காவலர். அவருக்குப் பயிற்சியும், மாலையில் பத்து நிமிடக் கூடுதல் நேரமும் தருவது நிர்வாகத்தின் கடமையாகும்.

புதிய அடுக்குமாடிகள் எழும் இடங்களில் பழைய வீட்டு எண்கள் வழக்கொழிந்து போகும். அங்கு வாழ்ந்த குடும்பத்தைச் சங்கத்தோடு இணைக்கும் கயிறு, பட்டியலின் ஒரு வரி மட்டுமே. மூட மறுக்கும் சாளரத்தின் முன் பொறுமையுடன் காத்திருக்கும் பணியாளர் அந்த ஒரு வரியைக் காக்கிறார். பதிவுகளை எண்ணிப் பார்த்து, முந்தைய நாளின் எண்ணிக்கையோடு ஒத்திருக்கக் கண்ட பின்னரே அவர் விளக்கை அணைக்க வேண்டும்.